கோட்டூர்புரம் அடுக்குமாடி வீடுகளும் ஓதமும்

அடையாற்றின் தென்கரையில், நந்தனத்துக்கு எதிரே அமைந்த கோட்டூர்புரம், கோட்டூர் என்னும் பழைய ஊரை ஒட்டி வளர்ந்த குடியிருப்புப் பகுதி. 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் 1970இல் உருவான குடிசை மாற்று வாரியமும் (2021 முதல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) இங்கு அடுக்கு வீடுகளைக் கட்டின. தனியார் அடுக்குமாடிகள் பின்னர் வந்தன. ஆற்றங்கரையின் இந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த நாட்கள் சென்னை வரலாற்றில் நன்றாகப் பதிவாகியுள்ளன. வெள்ளம் வடிந்தபின் சுவருக்குள் தங்கிவிட்ட நீரும், அதில் முளைத்த பூஞ்சணமும் அவ்வளவாகப் பதிவாகவில்லை. சுவரில் ஊறி நிற்கும் இந்த ஈரத்தைப் பேச்சுவழக்கில் 'ஓதம்' என்பார்கள்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் நகரின் வெள்ளங்களைப் பட்டியலிடுகிறது. அதில் 1976ஆம் ஆண்டுக்குரிய குறிப்பில் கோட்டூர்புரம் பெயருடனேயே இடம்பெறுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ஏறத்தாழ 28,000 கன அடி உபரிநீர் வந்ததில் அங்கிருந்த வீட்டுவசதி வாரிய வீடுகளின் முதல் தளம்வரை நீர் ஏறியது. 1985இலும் அடையாற்றில் பெருவெள்ளம் வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் 1, 2 நாட்களில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசு கூறியது. கோட்டூர்புரத்தின் தரைத்தள வீடுகள் மூழ்கின. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. ஏறத்தாழ ஒரே அளவு நீர், ஒரே ஏரி, ஒரே முகவரி; இடையில் 39 ஆண்டுகள்.

சுவருக்குள் நின்ற நீர்

செங்கல் நீரை உறிஞ்சும் பொருள். சாதாரணக் கட்டடச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. இரண்டு நாள் வெள்ளத்தில் நின்ற ஒன்பது அங்குலச் சுவர் வயிறு நிறையக் குடித்துவிடும். அது காய எவ்வளவு காலம் ஆகும்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பிரிட்டனின் கட்டடத் துறையினர் வைத்திருக்கும் கைக்கணக்கு. அப்படியானால் ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். சென்னையின் வெயில் இதைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் வெள்ளம் வந்தது டிசம்பரில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் காற்றே ஈரமானது. அதில் சுவர் மெல்லத்தான் காயும். சுவரின் மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். அதற்கு உணவாக வண்ணப்பூச்சு, பசை, மரத்தூள் பலகை, அலமாரித் துணி, வெறும் தூசி எதுவும் போதும்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழ்நாட்டு வழக்கம். மழைக்காலம் முடிந்த கையோடு வரும் பண்டிகை அது. நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை கொண்டது. அதில் பூஞ்சணம் பிழைப்பது கடினம். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் துளைகளை அடைப்பதும் இல்லை, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழிவிடும். அழகுக்காகவும் மங்கலத்துக்காகவும் செய்யப்பட்டது என்று நாம் நினைக்கும் வெள்ளையடிப்பு, ஆண்டுதோறும் நடந்த பூஞ்சண ஒழிப்பும்கூட. பழைய சென்னை வீடுகளின் காரையும் அதே குணமுடையது. கிளிஞ்சல் சுண்ணாம்பில் அரைத்த 'மெட்ராஸ் சுண்ணம்' புகழ்பெற்றது. மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்த மெட்ராஸ் ஒட்டும், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கியும், அதற்கும் மேல் பதித்த தட்டோடும் மழைநீரைத் தடுத்தன. ஓரளவு உள்வாங்கினாலும் வெயிலில் விட்டுவிட்டன.

அடுக்கு வீடுகள் சிமென்ட்டால் ஆனவை. சிமென்ட் பூச்சு, அதன்மேல் சுவர்ப் பட்டி, அதன்மேல் அக்ரிலிக் எமல்ஷன் என்று மூன்று அடுக்குகள் சேர்ந்தால் சுவர் வாய்மூடிவிடும். வெளியிலிருந்து நீர் புகாமல் தடுக்க இது உதவும். உள்ளே ஏற்கெனவே நீர் இருந்தாலோ, அதை உள்ளேயே பூட்டிவைக்கும். சில மாதங்களில் வண்ணம் கொப்புளிக்கும், உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும், அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளிகள் படரும். 2015 வெள்ளத்துக்கும் 2016 பொங்கலுக்கும் இடையில் இருந்தது ஆறு வாரம்தான். ஈரச் சுவரில் அந்த அவசரத்தில் பூசப்பட்ட எந்த எமல்ஷனும் நல்ல பலன் தந்திருக்க முடியாது. சுண்ணாம்பின் காலத்து நாட்காட்டியைப் பிளாஸ்டிக் வண்ணத்தின் காலத்துக்கு அப்படியே கொண்டுவருவதில் இருக்கும் சிக்கல் இது.

வெள்ளத்துக்குப் பிந்தைய பூஞ்சணம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் ஆய்வு செய்யப்பட்ட 112 வீடுகளில் 51இல் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் இருந்தது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் தனி வழிகாட்டி வெளியிட்டது. ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றோடு ஈர வீடுகளுக்குத் தொடர்பு உண்டு என்று அது கூறியது. பூஞ்சண வித்துகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஓர் எண்ணை மட்டும் அது சொல்லவில்லை. ஈரத்தை நீக்குவதே வழி என்றது. பிளீச்சிங் பவுடர் கரைசல் மேற்பரப்பைச் சுத்தமாக்கும், ஆனால் செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும். நீர் வரும் வழி திறந்திருந்தால் அது திரும்பவும் முளைக்கும்.

மேல்வீட்டு நீர், கீழ்வீட்டுக் கூரை

தனிவீட்டில் ஓதம் வீட்டுக்காரரின் பிரச்சினை. அடுக்கு வீட்டில் அது அண்டை அயலாரின் வழக்கு. மேல்வீட்டுக் குளியலறையின் தாழ்த்தப்பட்ட தளத்தில் (கொத்தனார் மொழியில் 'சங்கன்') குழாய்களை மூடிச் செங்கல் உடைசலை நிரப்பியிருப்பார்கள். அங்கே ஓர் இணைப்பு கசிந்தால் நீர் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் தேங்கும். தெரியவருவது கீழ்வீட்டுக் கூரையில்தான். தரையை உடைக்க வேண்டியவர் மேல்வீட்டுக்காரர், அவதிப்படுபவர் கீழ்வீட்டுக்காரர். பொதுக்குழாயும் மொட்டைமாடியும் எல்லாருக்கும் சொந்தம். ஆகவே செலவு என்று வரும்போது யாருக்கும் சொந்தமில்லை.

ஈரம் கம்பியை எட்டும்போது விவகாரம் வேறாகிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும் வாரிய வீடுகள் நகரெங்கும் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1993இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பு ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு இல்லை.

இங்கிலாந்தில் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. ராச்டேலில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் பூஞ்சணத்தால் நோயுற்ற இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020இல் இறந்தது. அதன் விளைவாக 2023ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் 'அவாபின் சட்டம்' எனப்படும் பிரிவு சேர்ந்தது. குறித்த காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் சரிசெய்ய அது வீட்டு நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்பது அதன் முக்கிய மாற்றம். ஒருவர் மறுத்தாலும் முடங்கிக் கிடந்த கசியும் கட்டடங்களுக்கு இது வழி திறந்தது. பிரிபடாத நிலப்பங்கு மதிப்பு மிகுந்த கோட்டூர்புரம் போன்ற இடங்களில் கட்டுநர் எளிதில் கிடைப்பார். இடிக்கும் செலவையும் அவரே ஏற்பார். நிலம் தங்கள் பெயரில் இல்லாத குடிசை மாற்று வாரிய வீடுகளில் அந்தப் பேரம் இல்லை, அங்கே வாரியமே முன்வர வேண்டும். புதிதாக எழும் தனியார் அடுக்குகளில் தரைத்தளம் தூண்களின்மேல் வாகன நிறுத்தமாக விடப்படுகிறது. அடுத்த வெள்ளம் அங்கே படுக்கையறைக்குப் பதில் கார்களை நனைக்கும். குளியலறைக்குக் கீழே மட்டும் அதே சங்கன், அதே செங்கல் உடைசல்.