அநாதை மருந்துத் தகுதி

அநாதை மருந்துத் தகுதி என்பது, மிகச் சிலரையே தாக்கும் அரிய நோய்களுக்கான மருந்துகளுக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வழங்கும் சட்டநிலை ஆகும். 1983ஆம் ஆண்டின் அநாதை மருந்துச் சட்டம் இதற்கு அடிப்படை. பெயரைக் கேட்டதும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான மருந்து என்று எண்ணத் தோன்றும். ஆனால் இங்கே ஆதரவின்றி நின்றது மருந்துதான். பயன் தரும் என்று மருத்துவர்கள் அறிந்த பின்னும் தயாரித்து விற்க எந்த நிறுவனமும் முன்வராத மருந்துகளுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று.

பின்னணி

தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டுடன் பிறந்தன. அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா 1962இல் தன் மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. ஒரு மருந்து தீங்கற்றது என்பதோடு, பயன் தருவது என்பதையும் முறையான சோதனைகளால் மெய்ப்பிக்க வேண்டும் என்று அத்திருத்தம் கூறியது. நல்ல திருத்தம்தான், ஆனால் செலவு ஏறியது. லட்சக்கணக்கானோர் வாங்கும் ரத்த அழுத்த மாத்திரை அந்தச் செலவைத் தாங்கும். சில ஆயிரம் பேருக்கான மாத்திரை எப்படித் தாங்கும்? 1970களில் அரிய நோய்களுக்கென்று நிறுவனங்கள் கொண்டுவந்த மருந்துகள் பத்துக்கும் குறைவு.

டூரெட் நோய்க்குறி உடையவர்களுக்குத் தம்மை அறியாமலே உடல் துடிக்கும், ஒலிகள் எழும். அந்நோய் கண்ட லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிமோசைடு மருந்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அமெரிக்காவில் அது அப்போது அனுமதி பெற்றிருக்கவில்லை. அக்குடும்பம் நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மனிடம் முறையிட, 1980இல் குழு விசாரணை நடந்தது. நாளேட்டில் சிறு செய்தியாக வந்த அதனை, 'குயின்சி' என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஜாக் கிளக்மனின் சகோதரர் மாரிஸ் கண்டார். 1981இல் இப்பிரச்சினையே அத்தொடரின் கதையாயிற்று. கிளக்மனும் நாடாளுமன்றக் குழுமுன் சாட்சியம் அளித்தார். மறு ஆண்டு செனட் சபையில் மசோதா தேங்கியபோது தொடர் மீண்டும் அதே பொருளை எடுத்துக்கொண்டது. 1983 ஜனவரி 4 அன்று குடியரசுத் தலைவர் ரேகன் கையெழுத்திட்டார்.

தகுதியின் பொருள்

'தகுதி' என்ற சொல் சற்றே ஏமாற்றக்கூடியது. மருந்து குணமாக்கும் என்பதற்கான சான்றிதழ் அன்று இது. சோதனைகள் முடியும் முன்பே, பயன்படக்கூடும் என்பதற்கு ஏற்கத்தக்க அறிவியல் காரணம் காட்டினால் தகுதி கிடைத்துவிடும். விற்பனை அனுமதி வேறு. அதற்குரிய சோதனைகளை நடத்தியே தீரவேண்டும்.

எது அரிய நோய்? 1983ஆம் ஆண்டுச் சட்டம், செலவிட்ட பணம் விற்பனையில் திரும்பாத நோய் என்றுதான் சொன்னது. அதை மெய்ப்பிக்க நிறுவனங்கள் கணக்கைக் காட்டவேண்டியிருந்ததால் விண்ணப்பிக்கத் தயங்கின. 1984இல் எண்ணிக்கை வந்தது: அமெரிக்காவில் 2,00,000 பேருக்கும் குறைவாக உள்ள நோய். பழைய அளவுகோல் மாற்று வழியாக நீடிக்கிறது. தகுதி கோரும் நாளில் உள்ள எண்ணிக்கையே கணக்கு. பின்னர் நோயாளிகள் பெருகினாலும் தகுதி பறிபோகாது. எய்ட்ஸ் நோய்க்கான ஏ.இசட்.டி. 1985இல் இத்தகுதியைப் பெற்றது இவ்வாறே. எண்ணிக்கை கூடினால் உரிமையை முடித்துவிடலாம் என்ற திருத்தத்தை 1990இல் குடியரசுத் தலைவர் புஷ் தடுத்துவிட்டார்.

தகுதி பெற்ற மருந்துக்குச் சோதனைச் செலவில் பாதி வரிச்சலுகையாகக் கிடைத்தது. 2017ஆம் ஆண்டின் வரிச்சட்டம் அதைக் கால் பங்காகக் குறைத்தது. எல்லாவற்றிலும் பெரியது ஏழாண்டுத் தனி விற்பனை உரிமை. காப்புரிமை வேறு, இது வேறு. காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்கு உரியது. பழைய வேதிப்பொருளுக்கும் இந்த ஏழாண்டு கிடைக்கும். அதே நோய்க்கு அதே மருந்தை வேறொருவர் விற்க நிர்வாகம் அனுமதி தராது. உரிமையாளர் இசைந்தால், அவரால் போதிய அளவு வழங்க இயலாவிட்டால், அல்லது புதியது மருத்துவ நோக்கில் மேம்பட்டதாக இருந்தால் விலக்கு உண்டு.

'அதே மருந்து' எது என்பதில் முதல் சண்டை மூண்டது. ஜெனன்டெக் நிறுவனத்தின் வளர்ச்சி ஹார்மோனில் 192 அமினோ அமிலங்கள். எலி லில்லியின் ஹார்மோனில் 191. அந்த ஒன்றின் வேறுபாட்டால் 1987இல் இரண்டும் வெவ்வேறு மருந்துகளாகக் கொள்ளப்பட்டன.

பிற நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு விதிப்படி 10,000 பேரில் ஐவருக்கு மிகாத நோய்கள் அரியவை, உரிமைக்காலம் பத்தாண்டு. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்து விதிகள் ஐந்து லட்சம் பேருக்கு மிகாத நோய் என்கின்றன. தனி விற்பனை உரிமை அவற்றில் இல்லை.

'அதே நோய்' வழக்கு

சட்டச் சொல் ஒன்று நோயாளியின் பணப்பையை எப்படித் தொடும் என்பதற்கு லாம்பர்ட்-ஈட்டன் நோய் எடுத்துக்காட்டு. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை சரியாகச் செல்லாமல் உடல் தளரும் அந்நோய்க்கு அமிஃபாம்பிரிடின் உதவுகிறது. நியூ ஜெர்சியின் ஜேக்கபஸ் என்ற சிறு குடும்ப நிறுவனம், அனுமதி பெறாத நிலையிலேயே, சிறப்பு ஏற்பாட்டின்கீழ் அதனைப் பல ஆண்டுகள் நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கிவந்தது. 2018 நவம்பரில் கேட்டலிஸ்ட் நிறுவனம் 'ஃபிர்டாப்ஸ்' என்ற பெயரில் பெரியவர்களுக்கான அனுமதியும் ஏழாண்டு உரிமையும் பெற்றது. அறிவித்த விலை ஆண்டுக்கு 3,75,000 டாலர். சோதனைச் செலவைக் கேட்டலிஸ்ட் ஏற்றது உண்மைதான். ஆயினும் புதிதாகக் கண்டுபிடித்த மூலக்கூறு அன்று அது.

2019 மே மாதம் ஜேக்கபஸின் 'ருசுர்ஜி'க்கு 6 முதல் 16 வயது வரையுள்ளோருக்கென அனுமதி கிடைத்தது. மருத்துவர் விரும்பினால் பெரியவர்களுக்கும் எழுதித் தரலாம் என்பதால் கேட்டலிஸ்ட் வழக்குத் தொடுத்தது. பெரியவர்களுக்கான பயன்பாட்டுக்கே உரிமை, சிறுவர்களுக்கானது தனி என்றது நிர்வாகம். சட்டத்தில் 'அதே நோய்' என்றுதான் உள்ளது, 'அதே பயன்பாடு' என்று இல்லை; எனவே நோய் முழுமைக்கும் உரிமை பொருந்தும் என்று 2021 செப்டம்பரில் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ருசுர்ஜி சந்தையிலிருந்து நீங்கியது. 2022இல் அதன் உரிமையையும் கேட்டலிஸ்டே வாங்கிக்கொண்டது.

அவ்வழக்கில் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட நிர்வாகம், மற்ற மருந்துகளுக்கு, அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டளவிலேயே உரிமை என்ற தன் பழைய விதியைத் தொடர்வதாக 2023 ஜனவரியில் அறிவித்தது.