பேரேடு யார் வீட்டில் இருக்கிறது?

போன மாதம் ஆம்பூர் பஜாரில் ஒரு கடையில் ஷூ வாங்கினேன். பில் போடுகிற நேரம் பார்த்து நெட் போய்விட்டது. "கிளவுடு சார், நெட் வந்தாத்தான் பில்லு" என்றான் கல்லாவில் இருந்த பையன். முதலாளி ஒரு பழைய பில் புக்கைத் தேடி எடுத்து, கையால் எழுதிக் கொடுத்தார். "கணக்கு நம்ம கடையில இல்ல சார், எங்கயோ இருக்கு."

அந்த 'எங்கயோ'தான் என்னை இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

நம்மூர்க் கடைகளில் முன்பு இரண்டு புத்தகம் இருக்கும். அன்றாட வரவு செலவுக்குச் சிட்டை. அதை ஆள்வாரியாகப் பிரித்து எழுதப் பேரேடு. முதல் பக்கத்தின் மேலே பிள்ளையார் சுழியோ 786-ஓ போட்டிருக்கும். முதலாளி நினைத்தால் ராத்திரி அதை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். கணக்கு யார் கையில் இருக்கிறதோ, கடையும் அவர் கையில்.

பில் போடும் இயந்திரம் பிறந்ததும் இதே கவலையில்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் ஊரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் கல்லாவில் கை வைக்கிறார்கள் என்று நொந்து 1879-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே மாநிலத்தின் ட்ராய் ஊரில், 1974 ஜூன் 26 அன்று, ஒரு பல்பொருள் அங்காடியில் சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது. அதோடு பணத்துக்கு மட்டும் கணக்கு வைத்த கல்லா, சரக்குக்கும் கணக்கு வைக்கத் தொடங்கியது.

ஷூ கடைக்காரருக்கு இது ரொம்பத் தேவை. ஒரே மாடல், ஆறு சைஸ், மூன்று நிறம் என்றால் 18 வகைச் சரக்கு. ஐம்பது மாடல் வைத்தால் 900. எந்த மனுஷன் ஞாபகம் வைப்பார்?

அடுத்தது வரி. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. ஷூவுக்கு வரி, ஜோடியின் விலையைப் பொறுத்து மாறும். 2025 செப்டம்பர் 22 அன்று ₹1,500 ஷூவின் வரி ஒரே ராத்திரியில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. முன்பு இதற்கு சாஃப்ட்வேர்க்காரர் பென் டிரைவோடு கடைகடையாக வர வேண்டும். கிளவுடில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லாக் கடைக்கும் போய்விடும். கடையில் இருக்கும் கருவி வெறும் முகம்தான். விலை, இருப்பு, பில் எல்லாம் வேறோர் ஊர் சர்வரில்.

நல்ல மென்பொருள் என்றால் ஒரு நகலைக் கருவியிலும் வைத்திருக்கும். நெட் இல்லாதபோது பில் போட்டுவிட்டு, வந்ததும் சர்வருக்கு அனுப்பும். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் வரிசை கொடுத்திருந்தால் பில் எண்கள் மோதிக்கொள்ளாது. ஆம்பூர்க் கடையில் இந்த வசதி இல்லை, அல்லது யாரும் ஆன் செய்து கொடுக்கவில்லை.

ஆனால் நெட் அரை மணியில் வந்துவிடும். பெரிய விஷயம் வேறு. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மாத வாடகையை நிறுத்தினால், கம்பெனியே மூடிவிட்டால், அந்த ஆறு வருஷக் கணக்கு யாரிடம்? அதிகாரி வந்து கேட்கப்போவது சர்வர்க்காரரை அல்ல, கடைக்காரரைத்தான்.

கிளவுடு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கும் முன் கேளுங்கள்: நெட் இல்லாமல் பில் போடுமா? என் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக நானே எடுக்க முடியுமா? முடியும் என்றால் மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள்.

பேரேடு அப்படியாவது வீட்டுக்கு வரட்டும்.