கேசட்டில் பிறந்த கயாகோ

ஒரு பள்ளிக்கூடத்தின் முயல் கூண்டு. இரண்டு மாணவிகள் முயல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு விரலில் காயம் படுகிறது. மருந்துக் கட்டு எடுத்துவர மற்றவள் ஓடுகிறாள். அவள் திரும்பி வரும்போது, தரையோடு தரையாகத் தவழ்ந்தபடி, கூந்தல் முகத்தை மூட, ஒரு பெண் வந்துகொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை, மூன்றே நிமிடம். 1998இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில், பள்ளிக்கூடப் பேய்க் கதைகளின் தொகுப்பு ஒன்றில் வந்த குறும்படம் இது.

அதே தொகுப்பில் இன்னொன்றும் உண்டு. ஆளில்லாத இடத்தில் கைபேசி மணி அடிக்கிறது. எடுத்துப் பார்க்கும் பையனின் கண்ணில் படும் எண் வெறும் நான்குகள், பத்து நான்குகள். ஜப்பானிய மொழியில் நான்குக்கும் சாவுக்கும் ‘ஷி’ என்ற ஒரே ஒலி. மறுமுனையில் பூனை கத்துகிறது. பக்கத்தில் வெளுத்த உடம்போடு ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான்.

கயாகோ, தோஷியோ என்ற தாயும் மகனும் பிறந்த இடம் இந்த ஆறு நிமிடங்கள்தான். எடுத்தவர் தகாஷி ஷிமிஸு, 1972இல் பிறந்தவர். திரைப்படப் பள்ளியில் இயக்குநர் கியோஷி குரோசாவாவின் மாணவர். அந்த ஆசிரியர் கைகாட்டிவிட்டதால்தான் இந்தச் சின்ன வாய்ப்பே வந்தது.

கயாகோவின் கோபம் ஜப்பானுக்குப் புதியதல்ல. தீராத மனக்குறையோடு செத்தவர் பழிவாங்கத் திரும்புவார் என்ற நம்பிக்கை அங்கே ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. நாடுகடத்தப்பட்டு 903இல் இறந்த அறிஞர் சுகவாரா மிச்சிஸானேயின் ஆவிக்குப் பயந்து, அரசவையே அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டிக் கும்பிட்டது. கணவனின் துரோகத்தால் முகம் சிதைந்து இறந்த ஓய்வாவின் கதை 1825இல் கபுகி மேடை ஏறியது. நம் ஊரில் அநியாயமாகச் செத்தவர்களைக் குலதெய்வமாக்கிப் படையல் போடும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். ஷிமிஸு செய்தது, அந்தப் பழைய ஆவியைக் கோயிலும் மேடையும் இல்லாத, தோக்கியோவின் நடுத்தரக் குடும்பத்து மாடிவீடு ஒன்றில் குடிவைத்ததுதான்.

2000ஆம் ஆண்டு ‘ஜு-ஓன்’ வந்தது. ‘ஜு’ என்றால் சாபம், ‘ஓன்’ என்றால் வன்மம். படம் தியேட்டருக்கு வரவில்லை. நேராக வீடியோ கேசட்டாக வாடகைக் கடைகளுக்குப் போனது. ஜப்பானில் அதற்கென்றே ஒரு தொழில் இருந்தது. தோயேய் நிறுவனம் 1989இல் ‘வி-சினிமா’ என்ற பெயரில் கேசட்டுக்காகவே படம் எடுக்கத் தொடங்கியது. பெரும்பாலும் அடிதடி, ரவுடிக் கதைகள். குறைந்த காசு, குறைந்த நாள்; ஆனால் இயக்குநரின் கையை யாரும் பிடிப்பதில்லை. இயக்குநர் தகாஷி மீகே அந்தப் பட்டறையில் உருவானவர், குரோசாவாவும் அங்கே வேலை செய்தவர். ஜப்பானியப் பேய்ப்படங்களின் புது அலைக்கே வித்து கேசட்டில்தான் விழுந்தது. 1991இல் நோரியோ சுருதா வீடியோவுக்காக எடுத்த ‘உண்மையில் நடந்த பயங்கரக் கதைகள்’ வரிசையைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் பேயை எப்படிக் காட்டுவது என்று கற்றார்கள்.

‘ரிங்’ படத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சபிக்கப்பட்ட வீடியோ கேசட்டைப் பற்றிய கதை அது, ஆனால் 1998இல் தியேட்டரில் வந்தது. ‘ஜு-ஓன்’ கதையில் கேசட்டுக்கு வேலை இல்லை, படம்தான் கேசட். ‘ரிங்’கின் திரைக்கதையை எழுதிய ஹிரோஷி தகாஹாஷி இதற்கும் துணைநின்றார்.

கதை எளியது. தோஷியோ பள்ளிக்கு வருவதில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க ஆசிரியர் கோபாயாஷி அவன் வீட்டுக்குப் போகிறார். கல்லூரி நாளில் கயாகோ இவர்மேல் ஆசைப்பட்டவள். அந்த ஆசையை நாட்குறிப்பில் படித்துவிட்ட கணவன் தகேயோ அவளைக் கொன்றுவிட்டான். அதன்பின் அந்த வீட்டு வாசலை மிதித்த எவரும் தப்புவதில்லை. படம் ஆட்களின் பெயரால் சிறு சிறு அத்தியாயங்களாக, காலம் முன்பின்னாகச் சிதறிக் கிடக்கிறது. முயல் கூண்டுச் சிறுமியும் நான்குகளின் தொலைபேசியும் இதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாயகன் இல்லை, பேயோட்டி இல்லை, ஜெயிக்க வழியும் இல்லை. பணமில்லாத குறை தெரியத்தான் செய்கிறது. ஆனால் விளக்கெண்ணெய்போல் மங்கிய அந்த வெளிச்சமும் வெறும் அறைகளும் பணத்தால் வாங்கமுடியாத ஒன்றைத் தருகின்றன: இது யாரோ வாழ்ந்த வீடு என்ற நம்பிக்கை.

அதே ஆண்டு இரண்டாம் பாகமும் கேசட்டில் வந்தது. இதன்மேல் ஒரு பழி உண்டு. முதல் அரைமணி நேரம் போல முந்தைய கேசட்டின் காட்சிகளே திரும்ப ஓடுகின்றன. காசு கொடுத்து எடுத்துவந்தவருக்கு எரிச்சல் வரும், நியாயம்தான். கடையில் முதல் பாகம் கிடைக்காமல் இதை மட்டும் எடுத்தவருக்கு அது உதவியிருக்கும் என்பதைத் தவிர அதற்கு என்னால் வேறு சமாதானம் சொல்ல முடியாது.

ஆனால் அதைத் தாண்டிய பிறகு வருவது இந்த வரிசையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. மையத்தில் நிற்பவர் வீட்டு புரோக்கர் தத்சுயா. அந்த வீட்டை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். அவருடைய தங்கை கியோகோவுக்குக் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். வீட்டுக்குள் சாக்கே மதுவை வைத்து, அதன் ருசியைக் கொண்டு வீட்டின் நிலையைச் சோதிக்கச் சொல்கிறாள். பத்திரமும் வில்லங்கமும் பார்த்து வீடு வாங்குகிற எவருக்கும் அந்தக் குவளை மது வயிற்றைக் கலக்கும். இன்னும் கொடுமை, தத்சுயாவும் மகனும் குடியிருக்கும் வீடே கோபாயாஷி வாழ்ந்த வீடு. அவருடைய கர்ப்பிணி மனைவி கொலையுண்ட வீடு. சாபம் ஒரு முகவரியில் நிற்காமல் அடுத்த கதவுக்கு நடக்கத் தொடங்குவது இங்கேதான். பள்ளியில் அந்த மகனைத் துரத்துவது ஒரு கயாகோ அல்ல, பல கயாகோக்கள். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படி எடுத்ததுபோல் அவள் பெருகி நிற்கிறாள்.

கேசட்டுகளின் பேச்சு வாய்வழியாகப் பரவியது. தியேட்டருக்கான ‘ஜு-ஓன்’ 2002இல் உருவாகி, 2003 தொடக்கத்தில் ஜப்பானியத் திரைகளுக்கு வந்தது. வளர்ந்த பிறகும் படம் தன் பிறப்பை மறக்கவில்லை. பயந்த பெண் ஒருத்தி வீட்டுக்கு ஓடிவந்து, டிவியைப் போட்டுவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறாள். போர்வைக்குள்ளேயே கயாகோ இருக்கிறாள். குழந்தையிலிருந்து நாம் எல்லோரும் ஒளிந்துகொண்ட கடைசி இடத்தையும் ஷிமிஸு பறித்துவிட்டார். வீட்டில் படம் பார்ப்பவரை நினைத்தே எடுத்துப் பழகிய ஒருவருக்குத்தான் இது தோன்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து ஹாலிவுட் கூப்பிட்டது. 2004இல் வந்த ‘தி கிரட்ஜ்’ ஏறத்தாழ 1 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 18 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இயக்குநர் ஷிமிஸுவேதான், படப்பிடிப்பும் தோக்கியோவில்தான். கயாகோவாக முயல் கூண்டுக் குறும்படத்தில் தவழ்ந்த தகாகோ ஃபுஜியே மாடிப்படியில் இறங்கினார். தொண்டை நெரிந்த கதவு திறப்பதுபோன்ற அந்தக் கரகரப்பு, ஷிமிஸு தன் வாயாலேயே எழுப்பியது. இத்தனை பெரிய பணத்தின் நடுவிலும் பயத்தைக் கொண்டுவந்தவை ஒரு நடிகையின் முழங்கையும் ஒரு மனிதரின் தொண்டையும்தான்.

2006இல் ஹாலிவுட்டின் இரண்டாம் பாகம் வந்தது. அத்தோடு ஷிமிஸு அந்த வரிசையை இயக்குவதை விட்டார், ஃபுஜியும் விலகினார். 2009இல் மூன்றாம் பாகத்தை வேறொருவர் இயக்க, வேறொரு நடிகை கயாகோவாக வந்தார். கதை சிகாகோவின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்தது. அந்தப் படம் தியேட்டருக்கு வரவில்லை. நேரே டிவிடியாக, மறுபடியும் கடை அலமாரிக்குப் போனது.