தானியமும் நஞ்சும் – 7: ரொசெட்டி கப்பலில் வந்த கடலை

சென்ற இரண்டு வாரங்களாக ஐரோப்பாவின் ரை வயல்களில் எர்காட் பூஞ்சை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தோம். எர்காட்டிடம் ஒரு நல்ல குணம் உண்டு. கதிரில் கறுப்பு முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும், பொறுக்கிப் போட்டுவிடலாம். இந்த வாரம் வருகிற ஆசாமி அவ்வளவு நேர்மையானவன் இல்லை.

1960ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கிழக்கிலும் தெற்கிலும் வான்கோழிப் பண்ணைகளில் குஞ்சுகள் சாகத் தொடங்கின. முதலில் தீனி எடுக்காது, பிறகு இறக்கை தொங்கும், ஒரு வாரத்துக்குள் கதை முடிந்துவிடும். சாகும்போது கால்கள் பின்னால் விறைத்து நீளும். கழுத்து முதுகுப் பக்கம் வில்லாக வளைந்துகொள்ளும். அறுத்துப் பார்த்தால் ஈரல் ரத்தம் கட்டிச் சிதைந்திருக்கும். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் போய்விட்டன. கிருமியா என்று தேடினார்கள், வைரஸா என்று தேடினார்கள், ஒன்றும் சிக்கவில்லை. பெயர் வைக்க வழியில்லாமல் 'டர்க்கி எக்ஸ் நோய்' என்று கோப்பில் எழுதினார்கள்.

துப்பு நோயில் இல்லை, வரைபடத்தில் இருந்தது. செத்த பண்ணைகளில் பெரும்பாலானவை லண்டனைச் சுற்றியே இருந்தன. ஒரு பண்ணையிலிருந்து பக்கத்துப் பண்ணைக்கு நோய் பரவியதாகவும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது தீனி. லண்டன் ஆலை ஒன்றில் தயாரான அந்தத் தீனியில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு கலந்திருந்தது. அதை ஏற்றிவந்த கப்பலின் பெயரால் ஆய்வாளர்கள் அதை 'ரொசெட்டி' புண்ணாக்கு என்றே குறிப்பிட்டார்கள். சரி, பிரேசில்காரன் தலையில் பழியைப் போட்டு முடித்துவிடலாம் என்று பார்த்தால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடலையிலும், ஏன், இந்தியாவிலிருந்து போன சரக்கிலும் அதே நஞ்சு இருந்தது.

1961இல் லண்டனின் வெப்பமண்டலப் பொருள்கள் ஆய்வு நிறுவனமும் வெய்பிரிட்ஜ் கால்நடை ஆய்வகமும் சேர்ந்து குற்றவாளியைப் பிடித்தன. உகாண்டாவிலிருந்து வந்த கடலைப் பருப்பில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்கில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள் பச்சைப் பூஞ்சை அது. நல்ல கடலையில் அதை வளர்த்தார்கள். நல்ல கடலையும் நஞ்சானது. பூஞ்சையின் பெயரைச் சுருக்கி நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். புறஊதா ஒளியில் அதன் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிர்ந்தது. பி, ஜி என்று இன்றும் ஆய்வறிக்கைகளில் வரும் எழுத்துகள் அந்த நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகள்தாம். இவற்றில் பி1 கொடியது. ஐம்பது கிராம் எடையுள்ள ஒருநாள் வாத்துக்குஞ்சைக் கொல்ல அதில் சுமார் 18 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோகிராம்.

அதே 1961இல் இன்னொரு சேதியும் வந்தது. இந்தப் புண்ணாக்கைத் தின்ற எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் கண்டது. கடலைப் பண்டத்தைக் குழந்தைகளுக்கும் கொடுப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். உடலுக்குள் போன அஃப்ளடாக்சினை ஈரல் உடைக்கப் பார்க்கிறது. அந்த முயற்சியில் உண்டாகும் பொருள் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு அதைக் கெடுக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமியும் அதே ஈரலில் குடியிருந்தால் ஆபத்து பல மடங்கு ஏறும்.

வான்கோழிகளின் வளைந்த கழுத்துக்கு மட்டும் அஃப்ளடாக்சின் பொருத்தமான விளக்கமாக இல்லை. 1986இல் ரிச்சர்ட் கோல் என்ற அமெரிக்க ஆய்வாளர், அதே பூஞ்சை சுரக்கும் சைக்ளோபயசோனிக் அமிலமும் கூட்டுக் குற்றவாளியாக இருந்திருக்கும் என்று வாதிட்டார். அந்த அமிலத்துக்கும் நம் வரகுக்கும் பழைய பகை உண்டு. அதற்கு ஒரு முழு வாரம் வேண்டும், இப்போது விட்டுவிடுவோம்.

இங்கிலாந்துப் பண்ணைக்காரர்கள் தீனியை மாற்றினார்கள். சாவு நின்றது. மாற்றுவதற்கு வேறு தீனி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1974 அக்டோபர் கடைசி. ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டமும் குஜராத்தின் பாஞ்ச்மகால் மாவட்டமும் ஒட்டிக்கிடக்கும் மலைப்பகுதி. அங்கே பீல் பழங்குடியினருக்கு மூன்று வேளையும் மக்காச்சோள ரொட்டிதான். அந்த வருஷம் அறுப்புச் சமயத்தில் காலம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. ஈரக் கதிர்களைக் காற்றோட்டமில்லாத இடங்களில் அடைத்து வைத்தார்கள். முதலில் நாய்களுக்கு வயிறு ஊதிற்று. மஞ்சள் காமாலை கண்டு செத்தன. நாய்களுக்குப் போட்டதும் அதே ரொட்டிதானே. பிறகு மனிதர்கள். சோர்வு, காய்ச்சல், காமாலை, சில நாள்களில் வயிறு முழுக்க நீர். தொற்றுக் காமாலை என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் ஒரே வீட்டில் நாலைந்து பேர் படுத்திருக்க, அரிசிச் சோறு உண்ட வீடுகளில் ஒருவருக்கும் நோய் இல்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள், 397 நோயாளிகள், 106 சாவு.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலிருந்து கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் உள்ளிட்டவர்கள் போனார்கள். வீடுகளிலிருந்து எடுத்த மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சின் இருந்தது. இன்று நம் நாட்டில் தானியத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் அந்தச் சோளத்தில் இருந்தது 400 மடங்கிலிருந்து 1,000 மடங்கு வரை. ஒரு ஆள் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிகிராம் நஞ்சை, அதுவும் வாரக்கணக்கில், ரொட்டியாகத் தின்றிருக்கிறார். 1975இல் அவர்களின் அறிக்கை 'லான்செட்' இதழில் வந்தது.

பூசணம் பிடித்ததை ஏன் தின்றார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வேறு எதைத் தின்பது? ஒரு வருஷச் சாப்பாடு அந்தக் குதிருக்குள் இருந்தது. முப்பது வருஷம் கழித்து, 2004இல், கென்யாவின் மக்குவேனி, கிடுயி பகுதிகளில் இதே நாடகம் இதே மக்காச்சோளத்தோடு நடந்தது: 317 நோயாளிகள், 125 சாவு.

ஆகவே அளவு என்று சட்டம் போடுகிற எண் ஆய்வகத்தில் மட்டும் பிறப்பதில்லை. 1960களில் ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு மலிவான புரதம் நிலக்கடலை மாவு. மைசூரில்கூட கடலை மாவும் கொண்டைக்கடலை மாவும் சேர்ந்த சத்துணவு தயாரானது. அளவைக் கறாராகக் குறைத்தால் மாவு கிடைக்காது, குழந்தை மெலியும். தளர்த்தினால் ஈரல் கெடும். குழு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று நிறுத்தியது. அதற்குக் கீழே நஞ்சில்லை என்று யாரும் சொல்லவில்லை; பசி அதைவிட மோசம் என்றுதான் சொன்னார்கள். இந்தியச் சட்டத்திலும் நெடுங்காலம் இருந்தது அதே 30தான். நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது 4. ஐரோப்பியனின் ஈரலும் நம் ஈரலும் ஒன்றுதான். பசியின் கணக்கு வேறு.

நம் ஊரில் கடலைக்கு இந்தப் பூஞ்சை எப்போது ஏறுகிறது? பலரும் கிடங்கைத்தான் நினைக்கிறார்கள். பாதி வேலை வயலிலேயே முடிந்துவிடுகிறது. மானாவாரிக் கடலை காய் முற்றும் தறுவாயில் வானம் பொய்த்தால், மண் சூடேறி, செடி வாடி, மண்ணுக்குள் இருக்கும் காயின் தோடு வெடிக்கும். அந்த வெடிப்பு போதும். பறித்தபின் சரியாகக் காயாவிட்டால் மீதி. இன்னொரு பழக்கமும் உண்டு: தோடு உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாதென்று காயின் மேல் தண்ணீர் தெளிப்பது. எடையும் கொஞ்சம் கூடும் என்பதால் யாருக்கும் வருத்தமில்லை, பூஞ்சைக்கு இன்னும் கொண்டாட்டம். வறுத்தாலும் அவித்தாலும் பூஞ்சை சாகுமே தவிர நஞ்சு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

செக்கு எண்ணெய்ப் பிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு நீங்கிவிடுகிறது. செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. செக்குக்குள் போகும் பருப்பு நல்லதாக இருந்தால் எண்ணெயும் நல்லது, அவ்வளவுதான்.

ஏற்றுமதித் தரத்தைப் பிரித்தெடுத்தபின் தங்கும் சொத்தையும் சுருங்கலும் பெரும்பாலும் எண்ணெய்க்குப் போகின்றன. எண்ணெய் பிழிந்தபின் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்குகிறது. புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. பசு தின்ற பி1இல் ஒரு சிறு பங்கு எம்1 என்ற உருவில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது போகாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளைச் சோதித்தார்கள். தண்ணீர் கலப்படம் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த அதிர்ச்சி வேறு. 368 மாதிரிகளில் எம்1 நம் சட்ட வரம்பான கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. ஐரோப்பாவில் அந்த வரம்பு 0.05. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551இல் 88. அடுத்து டெல்லி, கேரளா.

தீனியை மாற்றினால் சில நாள்களில் பாலில் எம்1 இறங்கிவிடும். இங்கிலாந்துப் பண்ணைக்காரர் 1960இல் செய்தது அதைத்தான். இரண்டு மாடு வைத்திருப்பவர், கடையில் மூட்டையாகக் கிடைக்கும் புண்ணாக்கை எதைக்கொண்டு சோதிப்பது, சோதித்து வேண்டாமென்றால் அன்று சாயங்காலம் மாட்டுக்கு எதைப் போடுவது என்பதற்கு அந்த ஆய்வறிக்கையில் பதில் இல்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1933, வண்ணாத்திப்பாறைக் காடு, வரகு, 14 யானைகள்.