சமையலறை மேஜையில் செய்த பலூன்

அப்பாவின் ஆஞ்சியோவுக்கான சம்மதப் படிவத்தில் 'அவசரமாக பைபாஸ் தேவைப்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தும் கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய? ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மணிக்கட்டில் சின்னதாக ஒரு கட்டு. "காப்பி குடிக்கலாமாடா?" என்றார் அப்பா. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன்.

1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாந்து. 82 வதுப் பாட்டி ஒருவருக்குத் தொடைத் தமனி அடைத்து, கால் விரல்கள் அழுக ஆரம்பித்திருந்தன. காலை எடுக்கணும் என்றார்கள். பாட்டி மறுத்துவிட்டார். கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் ஒரு கம்பியை அடைப்புக்குள் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை நுழைத்து வழியை அகலமாக்கினார். கால் பிழைத்தது. பாட்டி கடைசிவரை சொந்தக் காலில் நடந்தார். டாட்டருக்குக் கிடைத்த பட்டப்பெயர், 'கிறுக்கு சார்லி'.

ஆனால் பருமனான குழாயை இதயத் தமனிக்குள் தள்ள முடியாது. ஒல்லியாகப் போய் உள்ளே விரிகிற ஒன்று வேண்டும். ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் பலூன் செய்ய உட்கார்ந்தார். ரப்பர் சரிப்படவில்லை. அது எங்கே இளக்கமோ அங்கே உப்பிவிடும், கடினமான அடைப்பு அப்படியே இருக்கும். பிவிசி பலூன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உப்பாது. அதைத்தான் பிடித்துக்கொண்டார். முதலில் நாய்கள், கால் தமனிகள். பிறகு 1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயது மனிதர் ஒருவரின் இதயம். மயக்க மருந்து இல்லை, ஆள் விழித்திருந்தார். அவசரம் என்றால் அறுவை சிகிச்சை செய்ய ஒரு குழு தயாராக நின்றது. பலூன் இரண்டு முறை விரிந்தது. அடைப்பு திறந்தது.

என்னைத் தொட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1979இல் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். 32 பேருக்கு வெற்றி, 5 பேருக்கு அவசர பைபாஸ். டெமோவில் ஓடினால் போதும், லாக்கை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானே இருந்திருக்கிறேன். இவர் தோல்வியையும் எண்ணி வைத்தார்.

1985இல் தானே ஓட்டிய விமானம் விழுந்து க்ருன்ட்சிக் இறந்தார். வயது 46. 1987இல் அந்த முதல் நோயாளியை மறுபடி சோதித்தபோது தமனி திறந்தே இருந்தது.

படிவத்தில் இருந்த அந்த வரி ஆஸ்பத்திரியின் தற்காப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் எண்ணப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் அதில் இருக்கிறார்கள்.