ஜப்பானில் பச்சை குத்தும் தொழில்: ஆசான் மரபும் சட்டமும்

பச்சை குத்துதல் ஜப்பானிய மொழியில் 'இரெசுமி' எனப்படும். மையை உட்செலுத்துதல் என்பது இதன் பொருள். இத்தொழில் செய்வோர் 'ஹொரிஷி' ஆவர். 'ஹொரி' என்பது செதுக்குதலைக் குறிக்கும். எடோ காலத்தில் மரச்செதுக்கு அச்சுப் படங்களோடு சேர்ந்தே இக்கலை வளர்ந்தது. 1827 அளவில் ஓவியர் உத்தகாவா குனியோஷி வெளியிடத் தொடங்கிய சுயிகொடென் வீரர்களின் படவரிசை இதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

ஆசானும் சீடரும்

ஹொரிஷியாக விரும்புபவர் ஓர் ஆசானிடம் சீடராகச் சேர்வது மரபு. பட்டறையைத் துப்புரவு செய்தல், மை அரைத்தல், ஊசிகளைக் கட்டுதல், ஆசானின் படங்களைப் பார்த்து வரைதல் என்று பல ஆண்டுகள் கழியும். சீடர் தம் தோலிலேயே குத்திப் பழகிய பின்னரே பிறர் உடலைத் தொடுவார். பயிற்சி முடிந்தவருக்கு ஆசான் 'ஹொரி' என்று தொடங்கும் தொழிற்பெயரை வழங்குவார். இம்முறை தரத்தைக் காத்தது. ஆனால் ஆசான் ஏற்காதவருக்கு இத்தொழிலின் கதவு திறக்கவில்லை.

தடையும் விலக்கமும்

மேலைநாட்டார் தம்மை நாகரிகமற்றவர் எனக் கருதக்கூடாது என்று எண்ணிய மெய்ஜி அரசு, 1872 இல் பச்சை குத்துதலைத் தடை செய்தது. ஆயினும் 1881 இல் ஜப்பான் வந்த பிரித்தானிய இளவரசர் ஜார்ஜ் (பின்னாளில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ்) தம் கையில் பச்சை குத்திக்கொண்டார். தடைக்காலத்தில் தொழில் மறைவாக நடந்ததால் ஆசான்–சீடர் பிணைப்பு மேலும் இறுகியது. 1948 இல் தடை நீங்கியது.

மருத்துவ உரிமச் சிக்கல்

ஊசியால் தோலில் நிறமி செலுத்துவது மருத்துவச் செயல் என்று சுகாதார அமைச்சகம் 2001 இல் அறிவுறுத்தியது. அதன்படி பார்த்தால், பல ஆண்டுகள் பயின்ற ஹொரிஷி குற்றவாளி. ஊசி பிடித்து ஒரு கோடும் வரைந்தறியாத மருத்துவர் தகுதியுடையவர். 2015 இல் ஒசாகாவில் ஒரு கலைஞர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளாமல் நீதிமன்றம் சென்றார். மாவட்ட நீதிமன்றம் 2017 இல் 1,50,000 யென் அபராதம் விதித்தது. உயர் நீதிமன்றம் 2018 இல் அவரை விடுவித்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது. இத்தொழிலுக்கு வேண்டியது ஓவியத் திறன் என்றும், அது மருத்துவக் கல்வியில் கற்பிக்கப்படுவதன்று என்றும் தீர்ப்பு கூறியது.

நோய்த்தொற்று முதலிய ஆபத்துகளைத் தடுக்க வேண்டுமெனில் தனிச்சட்டம் இயற்றலாம் என்று அமர்வின் நீதிபதி ஒருவர் தம் துணைக்கருத்தில் குறிப்பிட்டார். யார் குத்தலாம் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அவர் எவ்வளவு தூய்மையாகக் குத்துகிறார் என்பதைப் பார்க்கும் பொறுப்போ, முன்போலவே பெரிதும் ஆசானையே சார்ந்திருந்தது.