தலைச்சாயப் பெட்டியின் எச்சரிக்கை வாசகம்

இந்தியாவில் விற்கப்படும் தலைச்சாயப் பெட்டிகளில் இரண்டு செய்திகள் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் தோலில் சிறிதளவு தடவிச் சோதிக்க வேண்டும் என்பது ஒன்று. புருவத்திலோ இமை முடியிலோ பூசக்கூடாது, பூசினால் பார்வை பறிபோகலாம் என்பது மற்றொன்று. வீட்டிலேயே சாயமிட்டுக்கொள்பவர்களில் பலர் இவற்றைப் படிப்பதில்லை. இந்த வாசகங்கள் 1930களில் அமெரிக்காவில் நடந்த ஒரு விபரீதத்திலிருந்து பிறந்தவை.

நரையை மறைக்க மருதாணியும் அவுரியும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மருதாணி செம்மை தரும். அதன்மேல் அவுரி இலைப்பொடியைக் குழைத்துப் பூசினால் கருமை கிடைக்கும். ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். அந்த நேரத்தைச் சுருக்கியது பாராபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள். இதை ஜெர்மானிய வேதியியலாளர் ஹாஃப்மன் 1863இல் விவரித்தார். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேரும்போது இது ஆக்சிஜனேற்றம் அடைந்து கருக்கும். அம்மோனியா முடியின் மேற்செதில்களை விரித்துவிட, சிறிய மூலக்கூறுகள் உள்ளே நுழைந்து ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகின்றன. பிறகு அவை எளிதில் வெளியேற முடியாது. தலைக்குக் குளித்தாலும் நிறம் போகாதது இதனால்தான்.

பிரெஞ்சு வேதியியலாளர் யூஜின் ஷுல்லர் 1907இல் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றை உருவாக்கி, பாரிஸின் முடி அலங்கார நிலையங்களுக்கு விற்றார். 1909இல் அவர் பதிவு செய்த நிறுவனத்தின் பெயரிலேயே 'தீங்கற்ற' என்ற சொல் இருந்தது. அதுவே பின்னர் லோரியல் ஆனது.

அமெரிக்காவில் 1933 வாக்கில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் விற்பனையில் இருந்தது. அதிலும் இதே வேதிப்பொருள்தான். அதைப் பூசிக்கொண்ட பெண்களுக்குக் கண்கள் வீங்கிப் புண்ணாயின. சிலர் பார்வை இழந்தனர், ஒருவர் இறந்தார். ஆனால் 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. அழகுப் பொருள்கள் அதில் சேரவில்லை. எனவே அந்தச் சாயத்தைச் சந்தையிலிருந்து அகற்ற அரசுக்கு அதிகாரம் இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் படங்களை அதிகாரிகள் ஒரு கண்காட்சியில் வைத்தனர். அந்தக் கண்காட்சியைப் பத்திரிகைகள் 'பயங்கரங்களின் அறை' என்று அழைத்தன.

1938இல் புதிய சட்டம் வந்தது. அழகுப் பொருள்களும் அதன் வரம்புக்குள் வந்தன. ஆயினும் தலைச்சாயத்துக்கு ஒரு விலக்கு கிடைத்தது. எச்சரிக்கையும் சோதனை முறையும் அச்சிடப்பட்டிருந்தால், தோலுக்குத் தீங்கு தரக்கூடிய நிலக்கரித் தார்ச் சாயத்தையும் விற்கலாம். இமை, புருவச் சாயங்களுக்கு இந்த விலக்கு இல்லை. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு இவ்வாறு பெருமளவு வாங்குபவர் தலையில் விழுந்தது.

அப்போது சாயமிடுவது பெரும்பாலும் முடி அலங்கார நிலைய வேலை. 1956இல் கிளெய்ரால் நிறுவனத்தின் 'மிஸ் கிளெய்ரால்', நிறமூட்டலையும் கழுவுதலையும் ஒரே படியில் வீட்டிலேயே செய்ய வழிவகுத்தது. அனுபவமுள்ள அழகுக்கலைஞர் அருகில் இல்லாத குளியலறையில், அந்தச் சிறிய எழுத்து மட்டுமே துணையாக இருந்தது.

இந்தியாவின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் விதிகளும் ஏறக்குறைய அதே வாசகத்தை ஏற்றன. அதை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்றன. காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ தடவி 24 மணி நேரம் காத்திருப்பதே அவை கூறிய முறை. இன்று பல பெட்டிகள் 48 மணி நேரம் என்கின்றன.

ஒவ்வாமை முதல் முறையிலேயே தோன்ற வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தொந்தரவின்றிப் பூசியவருக்குத் திடீரென ஒருநாள் நெற்றியும் இமைகளும் வீங்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் சோதனை தேவைப்படுகிறது. சுற்றுலாத் தலங்களில் குழந்தைகளின் கையில் வரையப்படும் 'கருப்பு மருதாணி'யிலும் பெரும்பாலும் இதே வேதிப்பொருள் கலக்கப்படுகிறது. அதனால் ஒவ்வாமை பெற்ற குழந்தை, வளர்ந்தபின் முதன்முறை தலைச்சாயம் பூசும்போதே கடுமையாகப் பாதிக்கப்படலாம். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் இப்பொருளின் அளவை 2 விழுக்காட்டுக்குள் நிறுத்தியுள்ளது. கருப்பு மருதாணியில் அதைவிடப் பல மடங்கு இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.